நான்காம் பக்கம்

ஒஸ்த்ராவாவில் நவம்பர். நூலகத்தின் இரண்டாம் மாடி.
சோதனைக்கு ஒரே ஒரு விதி:
எழுதியவன் பேசக் கூடாது.
தொடைக்கடியில் கைகளை அழுத்தி உட்கார்ந்திருக்கிறேன்.

எதிரே க்வியெத்தா ஹ்ருஷ்கோவா,
எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறவர்.
அவருடைய மடிக்கணினிக்கு ஒன்பது வயது.
இனி உனக்குப் புதுப்பிப்பு கிடையாது என்று
செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள்.
திரை நன்றாக இருக்கிறது. விசைகளும்.
ஒரு கீல் மட்டும் கொஞ்சம் முனகுகிறது.

பென் டிரைவைச் செருகுகிறார்.
கணினி விழிக்கும் அந்தக் கணத்துக்குள்
ஒரு விசையை அழுத்தியாக வேண்டும்.
எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு:
ஒன்றுக்கு எஃப் இரண்டு, ஒன்றுக்கு எஸ்கேப்,
ஒன்றுக்கு ஆண்டவனுக்கே வெளிச்சம்.
ஆறு முறை தவறவிட்டார். ஏழாவதில் பிடித்தார்,
தன் டிராமைத் தானே ஓடிப் பிடித்ததுபோல் மூச்சு வாங்கி.

முதல் பக்கம் மொழி. அடுத்தது ஊர். அப்புறம் வை-ஃபை.
மளமளவென்று போகிறார்.
நான்காவது நான் எழுதியது.

உரக்கப் படிக்கிறார்:
"பகிர்வு அட்டவணை மாற்றியமைக்கப்படும்.
ஏற்றப்புள்ளியைத் தேர்ந்தெடுத்துத் தொடரவும்."
மறுபடி படிக்கிறார், மெதுவாக,
பனிமூட்டத்தில் சிக்னலைத் தேடும் குரலில்.
"என் பையனோட படமெல்லாம் இதுல எங்க இருக்கு?"
என்று அறையைக் கேட்கிறார்.
அறை பேசக் கூடாது.
ரேடியேட்டர் மட்டும் டொக் டொக் என்றது.

கண்ணாடியைக் கழற்றினார். மூடியைச் சாத்தினார்.
"மன்னிக்கணும்," என்றார்,
"தப்பு என்னோடதுதான்."

ஆறு வருடமாக அந்த வாக்கியம் அங்கேயே இருந்தது.
எத்தனை சமையலறைகளில் எத்தனை பேர்
அதனிடம் மன்னிப்புக் கேட்டார்களோ.

அன்றிரவே அழித்தேன். புதிதாக எழுதினேன்:
"உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும்."
நான்கு சொல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
அதை உண்மையாக்கத்தான்
பிப்ரவரி முடியும்வரை ஆயிற்று.
பழைய அமைப்பு போட்டுவைத்த பூட்டு ஒன்று.
பாதியில் மின்சாரம் போனால்?
என்ற ஹினெக்கின் கேள்வி ஒன்று. அதற்கே ஐந்து வாரம்.

மார்ச்சில் மறுபடியும் சோதனை.
கூரை ஓடு மாற்றுகிற போர்ஷிவோய்
நான்காம் பக்கத்தை நான்கு நொடியில் கடந்தார்.
படிக்கவே இல்லை. கொட்டாவி விட்டார்.
அந்தக் கொட்டாவியை
சம்பளம் மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

க்வியெத்தாவும் வந்திருந்தார். அதே கணினி, அதே முனகல்.
விசைச் சிக்கல் இன்னும் தீரவில்லை,
அது எங்கள் கையிலும் இல்லை
என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.
அவர் தேடவில்லை, தடுமாறவில்லை.
எஃப் பன்னிரண்டின் மேல்
சிவப்பு நகப்பூச்சில்
ஒரு பொட்டு வைத்திருந்தார்.