இரண்டு கண்ணி குறைவு

சுண்டுவிரலுக்கு ஒரு விலை இருக்கிறது.
காப்பீட்டு அலுவலகத்தில் அதற்கொரு அட்டவணை.
பெருவிரலாக இருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்று
வருத்தத்தோடு சொன்னார் அதிகாரி.
உண்மையான வருத்தம்தான்.

பதினேழாவது மாடிக்கும் பதினெட்டுக்கும் நடுவே
லிஃப்டின் கம்பிவடம் கொண்டுபோனது அதை.
பணம் வந்த அன்று சிகுசா கேட்டாள்:
கூரையை மாற்றலாமா?
கடிகாரம் என்றேன்.
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள்
கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தாள்.
இடது கைக்குத்தானே, என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

கின்சாவில் கதவைத் திறக்க ஓர் ஆள்,
மூட ஓர் ஆள்.
வெள்ளைக் கையுறை மாட்டிய ஓரிதோ
வெல்வெட் தட்டில் வைத்துக் காட்டியது
பார்ப்பதற்கு மட்டும்.
"உங்கள் ஆர்வத்தைக் குறித்துக்கொள்கிறோம், சுகிதானி சான்."
எப்போது வரும்?
அவர் குனிந்தார்.
அந்தக் குனிவுக்குள் ஒரு வருடமும் இருந்தது
ஐந்து வருடமும் இருந்தது.
வைரம் பதித்த வேறொன்றை முதலில் வாங்கினால்,
என்று இழுத்தார்.
மறுபடி குனிந்தார்.
பெண் பார்க்கப் போனேன்;
அவர்கள் என்னைப் பார்த்து அனுப்பினார்கள்.

நகானோ வேறு.
பழைய அங்காடிக் கட்டடத்தின் மூன்றாம் தளம்,
பக்கத்துக் கடையில் தகர ரோபோக்கள்.
கருவாடு மாதிரி நெருக்கி அடுக்கிய கடிகாரங்கள்.
விலையைப் படித்தேன். திரும்பப் படித்தேன்.
புதியதைவிடப் பழையது ஒன்றரை மடங்கு.
ஹமுரோ அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி
"அங்கே விலை மட்டும் இருக்கிறது,
இங்கே பொருளும் இருக்கிறது" என்றாள்.

சீட்டில் எழுதியிருந்தது:
தரம் ஏபி. ஒருமுறை பாலிஷ்.
ஆறுமணிப் பக்கம் சிறு கீறல்.
உத்தரவாத அட்டை உண்டு, பெயர் மறைக்கப்பட்டது.
இரண்டு கண்ணி குறைவு.

இரவு சிகுசாவிடம் சொன்னேன்.
மேலும் கீழும் என்னைப் பார்த்துவிட்டு
அவளும் ஒரு சீட்டு எழுதி
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்:
நாற்பத்தொன்பது வருடம். பாலிஷ் கிடையாது.
குறட்டை உண்டு. ஒரு கண்ணி குறைவு.
பெட்டியும் காகிதமும் என்னிடம்.

ஏழு வாரம் இப்படியே போனது.
புதியது என்றால் முதல் கீறல் என்னுடையது,
அன்றைக்குத் தூக்கம் கெடும்.
பழையது என்றால் அந்தத் தூக்கத்தை
வேறொருவர் ஏற்கெனவே தொலைத்தாகிவிட்டது.
அதற்கும் சேர்த்துத்தானோ விலை?

ஒரு வியாழக்கிழமை கட்டிப் பார்த்தேன்.
முன்னவர் கை மெலிந்த கை.
கொக்கி சேரவில்லை.
எவ்வளவு இடைவெளி என்று ஹமுரோ அளவுகோலைத் தேட,
நான் வலது கைச் சுண்டுவிரலை வைத்துக் காட்டினேன்.
அச்சாகப் பொருந்தியது.
அவள் அளவுகோலை
மேசை அறைக்குள் திரும்ப வைத்துவிட்டாள்.

ஓரிதோ அழைத்தபோது
ஷின்ஜுகுவில் ஒரு லிஃப்டின் தலைமேல் நின்றிருந்தேன்.
ஒன்று வந்திருக்கிறது. ஒட்டுத்தாள் பிரிக்காதது.
சனிக்கிழமைவரை எடுத்துவைப்பார்களாம்.
இருட்டுக்குள் வடம் லேசாக முனகியது.
வரிசையில் எனக்கு அடுத்தவர் யார்?
அதைச் சொல்ல இயலாது, மன்னிக்கவும்.
அவருக்கே கொடுத்துவிடுங்கள்.
சற்று நேரம் சத்தமில்லை.
அங்கே குனிந்திருப்பார்.

கண்ணிகள் வர பதினொரு நாள்.
நகோயாவில் யாரோ கழற்றிப்போட்டவை,
மற்றவற்றைவிட ஒரு பொட்டு மங்கல்.
தேடினால்தான் தெரியும். நான் தேடுகிறேன்.
தினம் நான்கு வினாடி முந்துகிறது.
சரிசெய்து தருகிறேன் என்றாள்.
இருக்கட்டும் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது.
கூடத்தின் நடுவில் சிகுசா வாளி வைத்திருக்கிறாள்.
ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் எத்தனை வினாடி,
உன் கடிகாரத்தைக் கேட்டுச் சொல், என்கிறாள்.

பார்த்துச் சொல்கிறேன்.