தடம் விழாத பனி

வியாழன் இரவுப் பந்தயத்துக்கு
நேரம் குறிப்பவன் நான்.
அடிவாரத்தில் ஒட்டுப்பலகைக் கூண்டு,
காலடியில் ஹீட்டர்,
நொடியை நூறாக அரிந்து தரும் கடிகாரம்.
மலை என்பது எங்கள் வாய்ப்பேச்சு.
மிச்சிகனின் வடகோடியில் அதற்கு
உயரம் நானூறு அடி.

ஆர்டிஸ் கங்காஸ் பெயர் கொடுக்க வந்தாள்.
வயதுக் கட்டத்தில் ஐம்பத்து மூன்று என்று எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் நின்றாள்.
அனுபவம்?
"இருபத்திரண்டு வருஷமாகப்
பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிறேன்.
தள்ளித்தான் பழக்கம்.
அதன்மேல் ஏறியது போன வருஷம்தான்."

டயர் கடை அணியில் ஓர் ஆள் குறைந்தது.
சேர்த்துக்கொண்டார்கள்.

பயம் சொல்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டிய ஆட்டம் இது.
சரிவைக் கண்டதும் உடம்பு மலைப்பக்கம் ஒண்டும்.
ஒண்டினால் பலகை வழுக்கும்.
"பள்ளத்துக்கு நெஞ்சைக் கொடு, ஆர்டிஸ்!
கடனாகத்தான் கொடு!
அடுத்த கம்பத்தில் திரும்பி வரும்!"
டயர் கடை ரோலண்ட் கத்துவான்.
அவள் கொடுக்க மாட்டாள்.
லாரியில் இருபத்தைந்து மைலைத் தாண்டாதவள்.

கத்துக்குட்டி என்பதால் எப்போதும் கடைசியில் இறங்குவாள்.
முன்னே போன நாற்பது பேர்
ஒவ்வொரு வளைவிலும் வாய்க்கால் வெட்டி வைத்திருப்பார்கள்.
அதில் தடதடவென்று,
பலகைமேல் போகிறாளா
பலகை அவளை இழுத்துப் போகிறதா தெரியாமல்,
ஒரு கம்பத்தைத் தவறவிட்டு,
பக்கவாட்டில் படியேறுவதுபோல்
மேலே நடந்து,
அதைச் சுற்றிவிட்டு
மறுபடி இறங்குவாள்.
நான் கடிகாரத்தை நிறுத்த முடியாது.
ஒருமுறை இரண்டு நிமிடம் பதினான்கு நொடி.
பதினொரு வயது டெஸ்ஸா இருபத்தாறில் முடித்திருந்தாள்.

பிறகு என் கூண்டுக்கு வந்து,
கால்சட்டையைத் தூக்கி,
கம்பம் அறைந்த முழங்காலைப் பெருமையாகக் காட்டி,
தண்ணீர் வாங்கி
எட்டு மணி மாத்திரையைப் போட்டுக்கொள்வாள்.
கண் இமைத்தாலும் ஒரு மாத்திரைதான்.
ஜனவரியில் ஒரு வாரம்
முந்தைய வாரத்தைவிடக்
கால் மாத்திரை குறைத்திருந்தாள்.
சீட்டைக் கிழித்துத் தரச் சொல்லி
கையுறைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
ஏழு மணிக்கே பனி சாய்ந்து விழத் தொடங்கியது.
அவள் இடுப்பில் பேஜர் கத்தியது:
நெடுஞ்சாலைக்கு வண்டி வேண்டும், உடனே.
மேலே வரிசையில் ஏதோ பேசினார்கள்.
டெஸ்ஸா விலகி நின்றாளாம்.
ரேடியோவில் குரல் வந்தது:
"முதல் ஆள், கங்காஸ்."

யாரும் தொடாத பாதை.
வாய்க்கால் இல்லை, வடு இல்லை.
விளக்கு வெளிச்சத்தில் அவள் வருவது
முதலில் ஓசையாகத்தான் கேட்டது:
துணிக்கடையில் முழக்கணக்கில் கிழிப்பார்களே, அந்த ஓசை.
மூன்றாவது கம்பத்தில்
ஒண்டப் போனாள். பார்த்தேன்.
ஒண்டவில்லை.
நெஞ்சைத் தூக்கிப் பள்ளத்துக்குக் கொடுத்தாள்.

நாற்பத்தொன்று புள்ளி பூஜ்யம் ஏழு.

பலகையில் ஒரே பெயர் எரிந்தது.
முதலிடம்: கங்காஸ்.
ஒரு நொடி அண்ணாந்து பார்த்தாள்.
பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு
இறுக்கமான பந்தய உடையிலேயே
லாரி நிறுத்தத்துக்கு ஓடினாள்.
அடுத்த ஆளைக் கீழே அனுப்பச் சொல்ல
எனக்குக் கொஞ்சம் தாமதமானது.
ஹீட்டர் வயரில் ஏதோ கோளாறு என்றேன்.

பிறகு நாற்பது பேர் இறங்கினார்கள்.
அவள் பெயர் ஒவ்வொரு படியாகக் கீழே போய்
கடைசிக்கு முந்தினதில் நின்றது.
ரோலண்ட் விழுந்திருந்தான்.

பத்தரைக்கு வீடு திரும்பும்போது
முன்னால் ஆரஞ்சு விளக்கு சுழன்றது.
பனிச்சுவரை ஓரமாக எறிந்தபடி,
தபால் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி
வளைந்து வளைந்து லாரி போனது.
பின்னால் நாங்கள் எல்லோரும் வரிசையாக:
என் கார், டயர் கடை வேன்,
கோப்பையோடு டெஸ்ஸாவின் அம்மாவின் கார்.
மணிக்கு இருபத்தைந்து மைல்.

யாரும் முந்தவில்லை.