ஒன்பதாவது வரி

நவம்பர் கடைசியில் கெமியில்
மதியம் இரண்டரைக்கே இருட்டிவிடும்.
அதனால் ஒரு மணிக்கே வந்துவிட்டான் எர்க்கி.
பனிச்சப்பாத்தைக் கழற்றி
வழியில் குறுக்கே போட்டான்,
விவாகரத்துக்கு முன்பு போட்ட அதே கோணத்தில்.
நடுவில் பத்தொன்பது வருடம் போனதைச்
சப்பாத்துக்கு யாரும் சொல்லவில்லை.

காகித ஆலையில் முப்பத்தாறு வருடம் இருந்தவன்,
தாளை வீணாக்கமாட்டான்.
பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

ரைலி பென்ஷன், ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
எர்க்கி பென்ஷன், ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.
என் பிளாட் மூன்றாம் மாடி.
லிப்ட் வைக்கப் போகிறார்களாம்,
என் பங்கு இருபத்திரண்டாயிரம் யூரோ.
அதுவரை என் முழங்கால்
தவணையில் படியேறும்.
அவன் வீடு தரையோடு தரை,
ஆனால் கூரை ஒழுகுகிறது,
விறகு விலை வருடா வருடம் ஏறுகிறது.
பிளாட்டை விற்றால்?
இந்த ஊர் விலைக்கு
ஓரளவு நல்ல கார் ஒன்று வாங்கலாம்,
அல்லது ஒரு கூரை.

"இது சேர்ந்து வாழ்வதல்ல" என்றேன்.
"இல்லை, செலவைச் சேர்த்துவைப்பது" என்றான்.
காப்பி ஊற்றினேன்.

தோட்டத்தைப் பார்த்த அறை எனக்கு.
சவுனா புதன் எனக்கு, சனி அவனுக்கு.
குளிர்பெட்டியில் மேல் இரண்டு தட்டு என்னுடையவை,
அவனுடைய உப்பு மீன் அங்கே ஏறக்கூடாது.
குறட்டை நான்காவது வரியில் வந்தது:
கதவு இரண்டும் மூடியிருக்க வேண்டும்.
மகள் தெயியா வந்தால் எந்த அறை என்பதற்கு
இருவரிடமும் பதிலில்லை.
ஊலுவிலிருந்து எப்போது வந்தாள் கடைசியாக?
அந்த வரியைக் காலியாக விட்டோம்.

ஒன்பதாவது வரியை அவன் ஏற்கெனவே நிரப்பியிருந்தான்.
'எந்த வயது வரை.'
என் பெயருக்கு நேரே தொண்ணூற்றிரண்டு.
அவன் பெயருக்கு நேரே எழுபத்தொன்பது.

எனக்கு இப்போது அறுபத்தைந்து, அவனுக்கு அறுபத்தாறு.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்
போர்வை எண்ணியே காலம் தள்ளியவள் நான்,
கழித்தல் கணக்கு கையிலேயே வரும்.

கீழே, பென்சில் மங்கும் இடத்தில், இன்னொரு வரி:
'பனி அள்ள ஆள். வருடம் நானூறு.
பதினான்கு குளிர்காலம்.'

கூட வாழ்ந்த காலத்தில்
என் பிறந்தநாளை இரண்டு முறை மறந்தவன்.
தான் இல்லாத பதினான்கு குளிர்காலத்துக்கு
வாசலைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறான்,
ஐயாயிரத்து அறுநூறு என்று கூட்டியும் வைத்திருக்கிறான்.

எனக்குக் கோபம்தான் வந்தது.
"யார் சொன்னது எழுபத்தொன்பதென்று?"
"அப்பாவுக்கு எழுபத்தேழு. நான் புகையை விட்டிருக்கிறேன்,
இரண்டு கூட்டிப் போட்டேன்."

அழிப்பானை எடுத்தேன். அவன் எண்ணை அழித்தேன்.
எண்பத்தாறு என்று போட்டு மறுபடி கூட்டினேன்.
இடித்துக்கொண்டு நின்ற கணக்கு
சட்டென்று நேரானது.
அவன் இருந்தால் இரண்டு பென்ஷன்,
பனியும் சும்மா அள்ளப்படும்.
போனால் எல்லாம் செலவு.
இருபத்திரண்டு வருடம் மனைவியாக இருந்தபோது
ஒரு நாளும் எனக்கு இப்படித் தோன்றியதில்லை:
இந்த மனிதன் உயிரோடிருப்பது லாபம்.

சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினேன்.
அவன் வெகுநேரம் பார்த்தான்,
ஆலையில் கிழிந்த காகிதச் சுருளைப் பார்ப்பதுபோல்,
எந்த இடத்தில் ஒட்டலாம் என்று.

இருட்டிவிட்டது. எழுந்தான்.
ஒரு சப்பாத்தில் கால் நுழைத்தவன்
மற்றதை விட்டுவிட்டு
ஒற்றைக் காலுறையோடு திரும்பி வந்தான்.
பென்சிலை எடுத்து
எண்பத்தாறை எண்பத்து நான்காக்கினான்.
"பேராசைப்படாதே" என்றான்.

மீன் சந்தையிலேயே பேரத்தை விடாதவள் நான்.
"எண்பத்தைந்து."

ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.
படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது,
கைப்பிடியைப் பிடித்து, நிதானமாக.
தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.
பென்சில் என் மேசையில் இருக்கிறது.