மூன்றாய் மடிப்பது

தலவாக்கலைக்கு மேலே, மேற்பிரிவுப் பாடசாலை.
தகரத்தில் மழை இறங்கினால்
நான் சொல்வது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்கும்.
அதனால் இன்று பேசவில்லை.
பழைய பரீட்சைத் தாள்களில் வட்டம் வெட்டி
ஆளுக்கொன்று கொடுத்தேன்.
சில வட்டங்களில் யாரோ வாங்கிய சிவப்பு மதிப்பெண்
அப்படியே இருந்தது.

பாதி: ஓரத்தோடு ஓரம் வைத்து
நகத்தால் நீவினார்கள்.
கால்: இன்னொரு மடிப்பு.
டிலுக்சனின் மடிப்பில் மட்டும்
ஒன்று பெரிது, ஒன்று சிறிது.
"இதுவும் ரெண்டுதானே டீச்சர்?"
ரெண்டுதான்.
பெரியதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.
அவசரமாய்த் திருத்தி மடித்தான்.

தரம் இரண்டுக்கு இதோடு போதும்
என்கிறது வழிகாட்டி நூல்.
கவிநிலா விடவில்லை.
"மூணா மடிக்கிறது எப்படி?"
எதற்காம்?
"வீட்ல நாங்க மூணு பேரு."
அண்ணன், அவள்,
இன்னும் குப்புற விழாத கைப்பிள்ளை.

மடித்தேன். ஒரு பங்கு மெலிந்தது.
பிரித்து மறுபடி மடித்தேன், வேறொன்று மெலிந்தது.
என் வட்டம்
லீக்ஸ் பாத்தி போலக் கோடு கோடாய்க் கிடந்தது.
கலாசாலையில் இரண்டு வருடம்
இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பின்வரிசையில் சசிரேகா.
அம்மா பஸ் தரிப்பிடத்தில் கச்சான் விற்கிறாள்,
சுருள் மடித்துக் கொடுப்பது இவள் பொறுப்பு.
வாசிப்பு இன்னும் எழுத்துக்கூட்டித்தான்.
பாதியாய் மடித்த வட்டத்தை எடுத்தாள்,
நடுப்புள்ளியைக் கட்டைவிரலில் பிடித்து
இந்தப் பக்கம் ஒரு சுற்று,
அந்தப் பக்கம் அதன்மேல் ஒரு சுற்று,
ஓரங்கள் ஒன்றையொன்று தொடும்வரை
இளக்கி, இறுக்கி,
பிறகு முழங்கையால் ஒரே அமுக்கு.

விரித்தால் ஆறு.
"நான் கேட்டது மூன்று," என்றேன்.
என்னை நிமிர்ந்து பார்த்தாள்,
சில்லறை எண்ணத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல.
"ஆளுக்கு ரெண்டு, டீச்சர்."

எப்போது மழை விட்டதென்று தெரியாது.
வகுப்பு முழுக்கச் சுருட்டிக்கொண்டிருந்தது.
இருக்கிற ஒரே கத்திரிக்கோல்
மேசை மேசையாய் நடந்தது.

கவிநிலா தன் ஆறையும் வெட்டினாள்.
அண்ணனுக்கு இரண்டு, தனக்கு இரண்டு,
கைப்பிள்ளைக்கு இரண்டு.
சரியாக இருக்கிறது என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்து
கைப்பிள்ளையின் இரண்டையும்
தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.
"பல்லு மொளைக்கிற வரைக்கும்."