ஆறாம் பந்தி

டிக்கோயா ஆதார வைத்தியசாலை, மேல்மாடி.
ஒழுக்கவியல் குழு.
மூன்று மணித்தியாலம்
ஒரேயொரு சொல்லோடு உட்கார்ந்திருந்தோம்.

பேராதனையிலிருந்து பஸ்ஸில் வந்த
மெய்யியல்காரி என்பதால்
படிவத்தின் தமிழ் என் பொறுப்பு.
தன்னாட்சி என்று எழுதியிருந்தேன்.
*நோயாளியின் தன்னாட்சி மதிக்கப்படும்.*
பிரதேச செயலக அதிகாரி
கண்ணாடியைக் கழற்றினார்.
"மிஸ், இந்தச் சொல் இந்த நாட்டில்
ஆஸ்பத்திரிக்கு வந்தால்
அடிபட்டுத்தான் வந்திருக்கும்."
சிரித்தோம்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சுயநிர்ணயம் இன்னும் மோசம்.
சுயவிருப்பம் என்றால்
தேர்தலில் விருப்பு வாக்குப் போல, என்றார்
டாக்டர் எகொடகெதர,
தமிழை மேடைகளில் கேட்டுப் பழகியவர்.
கடைசியில் சம்மதத்தில் இறங்கினோம்.
கல்யாணச் சொல்.
பிளேன்டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

களைநாசினிக்கும் சிறுநீரகத்துக்கும்
என்ன உறவென்று பார்க்கும் ஆய்வு.
நல்ல ஆய்வுதான்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் ஆள் யோகமலர், நாற்பத்துமூன்று வயது.
உட்காரும்போதே சொன்னாள்,
"இன்னைக்கு எனக்குப் பேர் இல்ல."
பேர் என்றால் அங்கே ஒருநாள் சம்பளம்.
போக்குவரத்துச் செலவுக்குப்
பந்தி ஒன்று வைத்திருந்தோம்.
பேருக்கு வைக்கவில்லை.

வாசித்துக்காட்டப் போனேன்.
"எனக்கு வாசிக்கத் தெரியும்."
மூன்றாம் மொழி,
மற்ற இரண்டையும் விடச் சின்ன எழுத்து;
கொழுந்துக் கறை ஏறிய விரல்
வரி வரியாக இறங்கி
ஆறாம் பந்தியில் நின்றது.

*மாதிரிகள் வெளிநாட்டு உறைகலனில்
பதினைந்து ஆண்டுகள் பேணப்படும்.*

"எங்கப்பாவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வர
பதினெட்டு வருசம்.
என் ரத்தம் மட்டும்
மூணு வாரத்துல பிளேன் ஏறிடுமா?"

ஒன்பது வருடமாக
முதலாம் ஆண்டுக்குக் கரும்பலகையில் ரயில் வரைகிறேன்.
ஒரு பாதையில் ஐந்து பேர்,
மறு பாதையில் ஒருவர்,
நெம்புகோல் யார் கையிலோ.
தண்டவாளத்தில் கட்டிப் போடப்பட்டவர்
இன்றைய பேர் என்னாகும் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

"முடியாதுன்னா
கையெழுத்தை எங்க போடணும்?"

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
மறுபக்கம் வெறுமை.
முன்பக்கத்தில் புள்ளிக்கோடு ஒன்றே ஒன்று,
ஆம் என்பவர்களுக்கு.
ஏழு பேர், மூன்று மணித்தியாலம்,
ஒரு கண்ணிலும் படவில்லை.

அவள் ஆச்சரியப்படவில்லை.
"தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்ச பொறகுதான்
சிட்டைய நீட்டுவாங்க.
கையெழுத்துன்னா
நடந்து முடிஞ்சதுக்குப் போடுறது."

பேனை கேட்டாள்.
ஆறாம் பந்தியின் குறுக்கே
நிதானமாக ஒரு கோடு.
கீழே கையெழுத்து.
"எடுங்க. பாருங்க.
பார்த்ததை எனக்கும் சொல்லுங்க.
மிச்சத்த ஊத்திடுங்க.
அரைப்பேர்னு வச்சுக்கங்க."

தரவு பதியும் பையனுக்கு
ஆம் என்றால் ஒன்று,
இல்லை என்றால் பூச்சியம்.
அரை போட்டுப் பார்த்தான்.
கட்டம் சிவந்தது.
வெறுமையாக விட்டுப் பார்த்தான்,
அதற்கும் சிவந்தது.
கொழும்புக்கு எடுத்தால் கொழும்பு சொன்னது:
பழுதான படிவம், நீக்கிவிடுங்கள்.

பழுது எது என்று
திரும்ப எடுத்துக் கேட்டேன்.
மழை, லைன் போய்விட்டது.
அப்படித்தான் அறிக்கையில் எழுதினேன்.
உண்மையில் அவர்கள் வைத்துவிட்டார்கள்.
இதை இங்கே எழுதுகிறேன்.

அடுத்த கூட்டம் பதினேழாம் திகதி.
நிகழ்ச்சி நிரலில் கடைசி வரி:
ஏனையவை.
அதுவரை வார்ட்டுக் குளிரூட்டியின் இரண்டாம் தட்டில்,
ஊற்றப்படாமல்
பிளேனும் ஏறாமல்
ஒரு குப்பி இருக்கிறது,
முழுப்பேரோடு.