நாற்பத்து மூன்று அ

பேராசிரியர் சோலைமுத்து தயானந்தனை
மகியாவையில் எரித்த புதன்கிழமை
அவருடைய பட்டங்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்.
புள்ளிவிவரவியல் என்று ஒரு சொல் வந்தது.
குருவிக்கல் தோட்டத்திலிருந்து லொறியில் போன நாங்கள்
மழைக்குத் தலையில் படங்குச் சாக்கோடு
அது என்ன சாமான் என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்களுக்குத் தெரிந்தது
ஒரு டின் வெள்ளைப் பெயின்ட்,
முனை தேய்ந்த தூரிகை,
அட்டையைக் கண்டால் குதிக்கிற ஒரு மனிதர்.

அதற்கு முன்
மேற்பிரிவில் இருநூற்றுப் பதினொரு கதவுகள்.
வந்த கடிதம் அத்தனைக்கும் ஒரே விலாசம்:
துரை, குருவிக்கல் தோட்டம், மஸ்கெலியா.
நான் தபாற்காரன்.
பையை ஆபீசு மேசையில் கொட்டிவிட்டுத் திரும்புவேன்,
அதோடு என் வேலை முடிந்தது.
கலியாணக் கடிதம் கருமாதிக்கு வரும்.
வழக்குக்கு வரச்சொன்ன கடிதம் தீர்ப்புக்குப் பிறகு.
அவருடைய அக்கா பவளாயிக்குத்
தாதிப் பயிற்சிக்கு வரச்சொல்லி வந்தது
நாலாக மடிந்து
ஆடுகிற மேசையின் காலுக்கு முட்டாகக் கிடந்ததாம்.
பதினாலு மாதம் கழித்து
தரை கழுவிய ஒருத்தி எடுத்துக் கொடுத்தாளாம்.
பவளாயி அதைத் துடைத்து
டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு
மறுநாளும் பெரட்டுக்குப் போனாள்.

இதை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை.
ஒரே ஒரு தடவை, என்னிடம்,
ஸ்டோர் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கியபோது.
"எண்ணிவிட்டார்கள், தபால்," என்றார்.
"கூப்பிடத்தான் வழி வைக்கவில்லை."

எட்டு வருசம் அலைந்தார்.
கச்சேரி, பிரதேச சபை,
கொழும்பில் கம்பெனியின் குளிரூட்டிய அறை.
உத்தரவு வந்த பிறகு சனிக்கிழமைகளில்
பேராதனையில் பஸ்ஸேறி வந்து
கதவு கதவாக எண் எழுதினார்.
நாய்கள் குரைத்தன.
சங்கத்து நிறத்தில் எழுதவில்லை என்று
தலைவர்மார் முறைத்தார்கள்.
அவரும் இலேசான ஆள் இல்லை.
ஈரப் பெயின்டில் கை வைத்த பிள்ளையை
அதட்டி அழவைத்தார்.
என் பேனாவை இரவல் வாங்கியவர்
கடைசிவரை தரவேயில்லை.

பள்ளத்து லயத்தில் பிசகிவிட்டது.
நாற்பத்து மூன்றை இரண்டு கதவில் எழுதிவிட்டு
நூற்றெண்பதுவரை போயிருந்தார்,
நாட்டின் சனத்தொகைக்கே கணக்குப் பார்த்தவர்.
செவனம்மாதான் பிடித்தாள்:
"ஏஞ் சேர், நானும் பக்கத்துக் காம்பராக்காரியும்
ஒரே ஆளா?"
எல்லாவற்றையும் அழித்தெழுதப் பெயின்ட் போதாது.
சிரித்துச் சிரித்து இருமி
அவள் எண்ணுக்குப் பின்னால் ஒரு 'அ' போட்டார்.
இன்றைக்கும் பொங்கலுக்குச் சுண்ணாம்படிக்கும்போது
அந்த இடத்தை மட்டும் அவள் விட்டுவிடுவாள்.

எரித்த நாலாம் நாள்
என் பையில் ஓர் உறை.
மலைச்சரிவு போலச் சாய்ந்த அதே கையெழுத்து.
க. செவனம்மா, 43அ, பள்ளத்து லயம்.
உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது
எழுதி யாரிடமோ கொடுத்திருக்க வேண்டும்.
ஒட்டியிருந்தது பழைய பதினைந்து ரூபா முத்திரை.
ஐம்பதாகி எவ்வளவு காலம்!
முப்பத்தைந்து குறைவு.
மறுபடியும் பிசகிவிட்டார்.

விதிப்படி இரட்டித் தண்டம், எழுபது.
பெறுபவர் கட்டவேண்டும்.
இல்லையென்றால்
அனுப்பியவருக்கே திருப்பவேண்டும்.

எங்கே திருப்ப?

எழுபது ரூபாயைப் பெட்டியில் நான் போட்டேன்.
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
அனுப்பியவர், தெரிந்தால்.
தெரியும் என்று எழுதினேன்,
வேறு பேனாவால்.

பிறகு பள்ளத்துக்கு இறங்கினேன்.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.
நாற்பத்து மூன்று.
செவனம்மா கொழுந்துக்குப் போயிருந்தாள்.
அடுத்த கதவுக்குக் கீழே தள்ளினேன்.
உள்ளே போய்விட்டது.