ஐந்து வீட்டுக்கு ஒரே குழாய்

வூச் நகரில், பழைய நெசவாலைக்குப் பின்தெருவில்,
தரைத்தளத்தில் குடியிருப்பவன் நான்.
தலைக்கு மேலே நான்கு வீடுகள்.
யார் எப்போது குளிக்கிறார்கள்,
யார் வீட்டில் விருந்து, யாருக்கு வயிறு சரியில்லை,
சுவரில் காதை வைத்தால் போதும், சொல்லிவிடும்.

டிசம்பர் இருபத்து மூன்று, இரவு பத்து மணி.
குளியல் தொட்டியில் நாளைய விருந்துக்கான கெண்டை.
இங்கே அப்படித்தான்:
உயிரோடு வாங்கிவந்து நீந்தவிடுவது,
மீன் இருக்கும்வரை நாம் குளிக்காமல் இருப்பது.

முதலில் ஒரு குமிழி.
மீன் விட்டது என்று நினைத்தேன்.
அப்புறம் தக்கை தானாக எழும்பிற்று.
சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று
சொல்லாமல் வந்த சம்பந்தி போல உள்ளே வந்து பரவிற்று.
வெறுங்கையால் மீனை அள்ளி வாளியில் போட்டேன்.
அது பார்த்த பார்வை!
முப்பது வருஷம் டிராமில் அபராதச் சீட்டு கிழித்தவன்,
ஒரு பயணியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஓடினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.
தண்ணீரைத் திறக்காதீர்கள், தண்ணீரைத் திறக்காதீர்கள்.

யோலந்தா வந்தபோது பன்னிரண்டரை.
பனி ஒட்டிய பூட்ஸ், தோளில் சுருள்கம்பி,
உதட்டில் பற்றவைக்காத சிகரெட்.
நிலவறையில் குழாயின் மூடியைக் கழற்றினாள்.
நாங்கள் படிக்கட்டில், இரவு உடையில்,
பரீட்சை முடிவுக்கு நிற்பவர்களைப் போல.

முதலில் வந்தது ஈரத்துடைப்புத் தாள்,
கயிறாய் முறுக்கிக்கொண்டு, முடிவே இல்லாமல்.
"கழிப்பறையில் போடலாம் என்று பாக்கெட்டிலேயே இருக்கிறதே,"
என்றாள் பொகுமிலா, குழந்தையைத் தோள் மாற்றியபடி.
"பாக்கெட்டில் எழுதியவன்
குழாய்க்குள் குடியிருக்கவில்லை."

பிறகு பல் இடுக்கு நூல், முடி,
ஹலினா நாளைக்கு ஆறு கோப்பை குடிக்கும் காப்பியின் சக்கை.
அதற்குப் பிறகு ஒரு கல், வெள்ளையாய்:
கோடையில் ததேயுஷ் குளியலறைக்கு ஓடு பதித்து
மிச்சக் கலவையை வாளியோடு கழுவிக் கவிழ்த்தது.
குழாயின் வளைவை அச்சு அசலாக வாங்கியிருந்தது.
ததேயுஷ் விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நான் உள்ளுக்குள் சிரித்தேன், சொல்லத்தான் வேண்டும்.
கீழே இருப்பவனுக்கு ஒரு கர்வம்:
எல்லார் அழுக்கும் தன்னிடம் வருவதால்
தன்னிடம் அழுக்கே இல்லை என்று.

கம்பி மறுபடி நின்றது.
"இது மேலேயிருந்து வந்ததில்லை," என்றாள்.
"இந்தக் கிளை உங்கள் சமையலறையிலிருந்து."

கொழுப்பு. மஞ்சளாய், மெழுகாய்,
மரத்தை அறுத்தால் தெரியுமே, அப்படி வளையம் வளையமாய்.
என் பதினோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்.
பன்றிக்கறி வறுத்த சட்டியைத் தொட்டியில் சாய்த்து,
பின்னாலேயே வெந்நீர் ஊற்றி,
கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டவை.
"வெந்நீர் அதை வழியனுப்பும்," என்றாள்,
"ஆறுகிற இடம் வரைக்கும்."

இன்னொன்றும் என் உள்ளங்கையில் வைத்தாள்.
இணைப்பில் இருந்த ரப்பர் வளையமாம்.
ஊறிய ரொட்டி போலப் பிய்ந்தது.
ஒவ்வொரு அடைப்புக்கும் நான் கொட்டிய காரத்தூள்
அடைப்பை விட்டுவிட்டு அதைத் தின்றிருக்கிறது.

யாராவது சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.
ஹலினா மேலே போய்
ஊறுகாய் தீர்ந்த கண்ணாடி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து
பேசாமல் என் கையில் கொடுத்தாள்.
கூலி இரட்டிப்பு. ஐந்தாகப் பங்கிட்டோம்.
ததேயுஷ் மட்டும் சில்லறை இல்லை என்றார்.

மறுநாள் மாலை மீனை வெண்ணெயில் பொரித்தேன்.
வாளியில் கழிந்த இரவை அது மன்னித்ததாகத் தெரியவில்லை;
முள் அதிகம்.
வாணலியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன், ஆறும்வரை.
வாழ்க்கையில் எதையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
ஓரத்தில் வெண்மை தொடங்கி
குளம் உறைவது போல நடுவுக்கு வந்தது.
வழித்து ஜாடியில் போட்டுத் தாளால் துடைத்தேன்.

மேலே யாரோ தண்ணீர் திறந்தார்கள்.
சுவருக்குள் இறங்கி
என்னைத் தாண்டி
எதுவும் சொல்லாமல் போயிற்று.